மொத்தம் எத்தனை பந்து?

எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் போட்டுவிட்டு மருத்துவர் முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல. "போன 12 மாதத்தில் மொத்தம் எத்தனை பந்து போட்டிருப்பான்?" என்றார். மகன் என்னைப் பார்த்தான். நான் மனைவியைப் பார்த்தேன். எதற்கெடுத்தாலும் எக்செல் திறக்கிற ஆள் நான். வீட்டுக் கரண்ட் பில்லுக்குக்கூட ஏழு வருடக் கணக்கு வைத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "ஒரு மேட்சுக்கு 60, 70 இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். "நான் கேட்டது மொத்தம்" என்றார்.

அது 2023 ஜூன் கடைசி வாரம். டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகனுக்கு அப்போது 16 வயது, பத்தாம் வகுப்பு முடித்திருந்தான். வலது கை பிட்சர். பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக: சின்ன மண்மேடு ஒன்றில் நின்று, 60 அடி 6 அங்குலம் தள்ளி நிற்கும் பேட்டருக்குப் பந்து எறிபவர்தான் பிட்சர். நம் ஊர் பவுலர் மாதிரி என்று நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

நான் பாளையங்கோட்டைக்காரன். கோடை விடுமுறையில் காலையில் டென்னிஸ் பந்தைக் கையில் எடுத்தால் இருட்டும்வரை போடுவேன். மறுநாளும் போடுவேன். தோள் வலித்தால் அம்மா தேங்காய் எண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்துவிடுவாள், அத்தோடு சரி. அதனால் மகன் சனிக்கிழமை பிட்ச் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் மேடேறியபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. கிரிக்கெட்டில் முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்தி எறிந்தால் ஐ.சி.சி. விடாது. கை கிட்டத்தட்ட ஒரு கம்பு மாதிரிச் சுற்றுகிறது, பாரமெல்லாம் முதுகில் இறங்குகிறது. அந்த வருடம் மார்ச்சில் பும்ரா நியூசிலாந்து போய் அறுவை செய்துகொண்டது முதுகில்தான். கிரிக்கெட்டில் எதை எறி என்று சொல்லி நடுவர் நோ-பால் கொடுப்பாரோ, பேஸ்பால் முழுக்க அதுதான். முழங்கை மடங்கி, முன்னங்கை பின்னால் சாய்ந்து, சாட்டை மாதிரி முன்னே வருகிறது. அப்போது தோள் திரும்பும் வேகம் நொடிக்கு 7,000 டிகிரிக்கு மேல் என்று ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். முழங்கையின் உள்பக்கம் அந்த ஒரு கணம் பிளந்துகொள்ளப் பார்க்கும். பிளக்காமல் பிடித்துக்கொள்வது ஒரு சின்ன ஜவ்வும் அதன் மேல் போர்த்திய தசைகளும். தசை சோர்ந்துவிட்டால் முழுப் பாரமும் ஜவ்வுக்குத்தான். யூ.சி.எல். என்று அதற்குப் பெயர். என் மகனுக்குக் கிழிந்திருந்தது அதுதான்.

பிப்ரவரியிலிருந்தே அறிகுறிகள் இருந்திருக்கின்றன. இன்னிங்ஸ் (பேஸ்பாலில் மூன்று பேரை அவுட்டாக்கும்வரை ஒரு சுற்று) முடிந்து வரும்போது கையை உதறிக்கொண்டே வருவான். மூன்றாவது இன்னிங்ஸைத் தாண்டினால் பந்து உயர உயரப் போகும். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகிறது என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான். "போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு தூங்கினால் அப்படித்தான்" என்றேன். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுரீரென்று கரண்ட் அடிக்குமே, அந்த நரம்பு இந்த ஜவ்வை ஒட்டியே போகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு நாள் மனைவி அவனுடைய பேஸ்பால் பையைத் துவைக்க எடுத்தபோது அடியில் அட்வில் வலி மாத்திரை டப்பா கிடந்தது, காலியாக. "எதுக்குடா இது?" "தலைவலிம்மா." அவ்வளவுதான், விட்டுவிட்டோம்.

மே மாத முதல் வாரக் கடைசியில் ஒரு டோர்னமென்ட். பள்ளி சீசன் முடிந்து கிளப் அணிக்கு வந்திருந்தான். இங்கே அதை செலக்ட் பால் என்பார்கள். சனிக்கிழமை காலை 58 பந்து. மாலை ஆட்டத்தில் கேட்சர் வரவில்லை என்று மூன்று இன்னிங்ஸ் கேட்சராக உட்கார்ந்தான். கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும், அது எந்தக் கணக்கிலும் வராது. ஞாயிறு அரையிறுதி. "ஒரே ஒரு இன்னிங்ஸ், முடித்துக் கொடுத்துவிடு" என்று கேட்டார்கள். 19 பந்து போட்டு முடித்துக் கொடுத்தான். கோப்பையோடு எடுத்த படம் இருக்கிறது. அதில் அவன் கோப்பையை இடது கையில் பிடித்திருக்கிறான்.

மறுநாள் முழங்கையை நீட்ட முடியவில்லை. பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, தசைநாண் வீக்கம்தான், ஐஸ் வையுங்கள், நான்கு வாரம் ஓய்வு என்றார்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்கு எங்களுக்கு விவரம் போதவில்லை. நான்கு வாரத்தில் வலி போய்விட்டது. ஜூன் நடுவில் மெதுவாக எறிய ஆரம்பித்தவன், மூன்றாம் நாள் கொஞ்சம் வேகம் கூட்டினான். பந்து பின்வலைக்கு மேலே பறந்தது. உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டதாம். கையைப் பிடித்துக்கொண்டு மண்மேட்டிலிருந்து அவன் இறங்கி வந்த விதத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் பிள்ளைக்கு முழங்கையின் உள்பக்கம் வலி என்றால், எறியும் கைகளையே பார்த்துப் பழகிய எலும்பு மருத்துவரிடம் போங்கள். 12, 13 வயதுப் பிள்ளைக்கு ஜவ்வைவிட அது ஒட்டியிருக்கும் எலும்பின் வளர்ச்சித் தட்டுதான் முதலில் பாதிக்கப்படும். அதற்குச் சீக்கிரமே ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் அறுவை இல்லாமல் சரியாகிவிடும். வளர்ச்சி முடியும் வயதில் ஜவ்வு. மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான் எங்களுக்கு விஷயத்தைக் காட்டியது. வலி நின்றதை ஆறியதற்கு அடையாளம் என்று நினைத்து நாங்கள் ஆறு வாரம் இழந்தோம்.

மருத்துவர் கேட்ட கேள்விக்கு அன்று இரவு உட்கார்ந்து பதில் தேடினேன். கிளப் அணியின் ஸ்கோர் எல்லாம் போன் செயலியில் இருந்தது. பள்ளி ஆட்டங்களின் ஸ்கோர் தாள்களை வாங்கினேன். தனிப் பயிற்சிக்குப் போன நாட்கள் என் காலண்டரில் இருந்தன. ஆட்டங்களில் மட்டும் 1,640 பந்து, 103 இன்னிங்ஸ். தனிப் பயிற்சி, ஆட்டத்துக்கு முன் வார்ம்அப், கராஜில் வலை கட்டி எறிந்த கனமான பந்துகள் எல்லாம் இதில் சேராது. பந்தைத் தொடாமல் இருந்தது கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டே வாரம்.

யார் மீதும் குறை சொல்லவும் வழியில்லை. டெக்சஸில் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கு 2017 முதல் பந்துக் கணக்கு விதி உண்டு. பள்ளி கோச் அதை ஒரு நாளும் மீறவில்லை. தனிப் பயிற்சிக்காரர் வாரத்துக்கு 40 பந்துக்கு மேல் போட விட்டதில்லை. கிளப்பில் சனி ஞாயிறு கொஞ்சம் இழுத்துப் பிடித்தார்கள், அதற்கும் நான்தான் தலையாட்டினேன். அவரவர் கணக்கு அவரவர் இடத்தில் ஏறக்குறைய சரிதான். மூன்றையும் கூட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லை. அது கோச்சுகளின் வேலையும் இல்லை, என் வேலை.

கூட்டியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வழியும் இருந்தது. இங்குள்ள பெரிய தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலும் யூ.எஸ்.ஏ. பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014இல் 'பிட்ச் ஸ்மார்ட்' என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கின்றன. 16 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. 58 போட்டால் இரண்டு நாள் ஓய்வு. ஒரே ஆட்டத்தில் பிட்சராகவும் கேட்சராகவும் இருக்கக் கூடாது. வருடத்தில் நான்கு மாதம் பிட்சிங்கே கூடாது. 12 மாதத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வேண்டாம். கடைசி விதிக்குப் பின்னால் அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது: பத்து வருடம் சிறுவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், ஒரு வருடத்தில் 100 இன்னிங்ஸைத் தாண்டியவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு. இன்னோர் ஆய்வு இன்னும் கலங்கடித்தது. கை சோர்ந்த பிறகும் வழக்கமாகப் பிட்ச் செய்தவர்கள் அறுவை மேசைக்குப் போகும் வாய்ப்பு 36 மடங்கு. அட்வில் டப்பா ஞாபகம் வந்தது.

"ஏன்டா சொல்லலை?" என்று மறுநாள் காரில் கேட்டேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். "நீங்க ரேடார் கன்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப எப்படிப்பா சொல்றது?" என்றான். உண்மைதான். பந்தின் வேகம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அக்டோபரில் 81 மைல், மார்ச்சில் 86. ஒவ்வொரு மைலுக்கும் ஊரில் அண்ணனுக்கு வாட்ஸ்அப் அனுப்பியவன் நான்.

இரண்டாவது சந்திப்பில் மனைவிதான் சரியான கேள்வி கேட்டாள். "ஆபரேஷன் பண்ணலைன்னா என்ன ஆகும்?" மருத்துவர், "ஒன்றும் ஆகாது" என்றார். எழுதலாம், கார் ஓட்டலாம், நீந்தலாம், பளு தூக்கலாம். இந்த வேகத்தில் பந்து மட்டும் எறிய முடியாது. அந்த ஜவ்வு இல்லாமலேயே வாழ்கிறவர்கள் உண்டு. 1996இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி ஆர்.ஏ. டிக்கி என்ற பிட்சரை முதல் சுற்றில் எடுத்து 8,10,000 டாலர் பேசியது. பிறகு பரிசோதித்தபோது அவர் முழங்கையில் அந்த ஜவ்வே இல்லை. தொகை 75,000 ஆனது. மனிதர் வேகத்தை விட்டுவிட்டு, சுழலாமல் தள்ளாடி வரும் நக்கிள்பாலுக்கு மாறி, 2012இல் ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். ஆக, உயிர் போகிற அறுவை இல்லை இது, விளையாட ஆசைப்படுகிறவனுக்கான அறுவை. அதனால் முடிவு அவனுடையதாக இருக்கட்டும், இரண்டு வாரம் யோசிக்கட்டும் என்றார். எங்களுக்குக் கிடைத்த நல்ல அறிவுரைகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். இரண்டு வாரமும் நான் வாயைத் திறக்கவில்லை. அது சுலபமாக இல்லை. கடைசியில் அவன் சொன்னது இதுதான்: "18 வயசுல நிறுத்தணும்னா நானே நிறுத்திக்கிறேன். இப்படி நிக்க வேண்டாம்பா."

இந்த அறுவைக்கு டாமி ஜான் என்று பெயர். 1974 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்தது டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு. தேறுவதற்கு நூற்றில் ஒன்றுதான் வாய்ப்பு என்றார் ஜோப். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். மொத்தம் 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பிறகு வந்தவை. ஊர் நோயாளி பெயரைச் சூட்டிவிட்டது, செய்தவர் பெயரை இல்லை. எனக்கு இது எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

கிழிந்த ஜவ்வைத் தைப்பதில்லை. உடம்பில் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, முழங்கை எலும்புகளில் துளை போட்டுக் கோத்துக் கட்டுகிறார்கள். பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம் இருக்கும் பால்மாரிஸ் என்ற நாண். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கினால் நடுவில் கயிறு மாதிரித் தெரிவதுதான் அது. எல்லோருக்கும் இருக்காது. அன்று இரவு வீட்டில் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு இரண்டு கையிலும் இருந்தது. மனைவிக்கு ஒன்றில்கூட இல்லை. மகன் அம்மா பக்கம். வீடியோவில் ஆச்சியும் மடக்கிக் காட்டினாள், 78 வயதில் கயிறு கணக்காக நின்றது. "என்னுதை எடுத்துக்கிடச் சொல்லு" என்றாள். அப்புறம் விஷயம் முழுதும் புரிந்ததும் சத்தம் போட்டாள். "ஏல, பந்து எறியதுக்கா புள்ள கைய அறுக்கப் போறீய?" பதில் சொல்ல முடியாமல் போனை மகனிடம் கொடுத்தேன். கடைசியில் அவன் தொடையின் உள்பக்கத்திலிருந்து ஒரு நாண் எடுத்தார்கள். அதனால் முதல் இரண்டு வாரம் கையோடு காலும் வலி. நாண் எங்கிருந்து எடுப்பார்கள் என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் படுக்கை அறை மாடியில் இருக்கிறது.

ஜவ்வு எலும்பிலிருந்து சுத்தமாகக் கழன்றிருந்து, சதை நல்ல நிலையில் இருந்தால், பட்டை வைத்து வலுவூட்டித் தைக்கும் புதிய முறையும் உண்டு. அதில் சீக்கிரம் திரும்பலாம். மகனுக்கு நடுப்பகுதியே நைந்திருந்ததால் சரிப்படாது என்றார்கள். காத்திருக்கும் அறையில் அன்று மூன்று பையன்கள், மூவருக்கும் மீசை அரும்புகிற வயது. இந்த அறுவைக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் 15 முதல் 19 வயதுக்காரர்கள் என்று 2007 - 2011 காலத்துக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு சொல்கிறது. எனக்கு அந்த அறையே போதுமாக இருந்தது.

ஜூலை நடுவில் அறுவை. காலையில் போய் மாலையில் வீடு. கை மரத்திருந்ததால் முதல் நாள் சிரித்துக்கொண்டிருந்தான், இட்லி ஆறு சாப்பிட்டான். நரம்பில் போட்ட மரப்பு ஊசி இரவு இரண்டு மணிக்கு இறங்கியது. அது இறங்குவதற்கு முன்பே வலி மாத்திரை கொடுத்துவிட வேண்டும் என்று தாளில் எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். நான் தூங்குகிறானே என்று எழுப்பவில்லை. அந்த இரவை அவன் இன்னும் சொல்லிக்காட்டுவான். அலாரம் வையுங்கள்.

எட்டு நாள் கட்டு. அப்புறம் திருகு வைத்த பிரேஸ். வாரா வாரம் சில டிகிரி கூடுதலாக மடக்கவும் நீட்டவும் விடுவார்கள். ஆறாவது வாரம் கழற்றினார்கள். மடக்குவதைவிட நீட்டுவதுதான் பாடு. கடைசிப் பத்து டிகிரி வரவே இல்லை. தினமும் சாப்பாட்டு மேசை விளிம்பில் கையை வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, தானாகத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம். அழுத்தக் கூடாது. நான் ஒருமுறை ஆர்வத்தில் லேசாக அழுத்தினேன், தெரபிஸ்ட் என்னை அறைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டார். அதன் பிறகு இரண்டு மாதம் அங்கே உட்கார்ந்துதான் ஆபீஸ் மீட்டிங் எல்லாம் பார்த்தேன்.

பணத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அறுவைக்குக் காப்பீடு இருந்தது. தெரபிக்குத்தான் சிக்கல். எங்கள் திட்டத்தில் வருடத்துக்கு 30 தடவைக்கு மேல் கிடையாது. வாரம் மூன்று தடவை போனதில் செப்டம்பர் கடைசியில் தீர்ந்துவிட்டது. ஜனவரியில் புதுக் கணக்கு தொடங்கும்போது நம் கைப்பணம் கட்டுகிற பகுதியும் புதிதாகத் தொடங்கும். நடுவில் மூன்று மாதம் பாதிச் செலவு எங்கள் கையிலிருந்து போனது. அறுவைத் தேதி குறிக்கும் முன்பே காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டு, தெரபி எத்தனை தடவை என்று கேட்டிருந்தால், ஆரம்பத்தில் வாரம் இரண்டாகக் குறைத்து மீதியை வீட்டில் செய்திருப்போம். தெரபிஸ்ட்டே அப்படித்தான் சொன்னார், தீர்ந்த பிறகு.

அந்த இலையுதிர் காலத்தில்தான் ரேஞ்சர்ஸ் முதல் தடவையாக உலகத் தொடரை, அதாவது மேஜர் லீக் கோப்பையை, வென்றது. ஊரே கொண்டாடியது. இவன் சோபாவில் ரப்பர் பட்டையை இழுத்தபடி பார்த்தான். இதே கோடையில் அந்த அணியின் பிட்சர் ஜேக்கப் டிகிராமுக்கும் இந்த அறுவை நடந்திருந்தது, அவருக்கு இரண்டாவது தடவை. இன்னொருவர் குமார் ராக்கர். தாய்வழியில் இந்திய வம்சாவளி. மே மாதம் அவருக்கும் இதே முழங்கை. சட்டையின் முதுகில் ராக்கர் என்றுதான் இருக்கும், ஆனால் எங்கள் வீட்டில் அவர் வெறும் 'குமார்'. "குமார் எந்த மாசத்துல இருக்கார் இப்ப?" என்று மனைவி கேட்பாள், கர்ப்பக் கணக்கு மாதிரி. தனக்கு இரண்டு மாதம் முன்னால் ஒருவர் அதே பாதையில் போய்க்கொண்டிருக்கிறார் என்பது பையனுக்கு எங்கள் ஆறுதல் வார்த்தைகளைவிடப் பெரிய உதவியாக இருந்தது.

டிசம்பரில் முதல் எறி. 45 அடி தூரம், 25 பந்து, ஓய்வு, இன்னொரு 25. பேஸ்பால் தொடங்கிய ஏழு வயதில் அவன் எறிந்த தூரம். ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு 60 அடி, 90, 120. கை அப்போது மிக நன்றாக இருந்தது, அதுதான் ஆபத்து. மாற்றிக் கட்டிய நாண் உள்ளே ரத்த ஓட்டம் பிடித்து ஜவ்வாகவே மாறுவதற்குப் பல மாதம் எடுக்கும். வலி போன தேதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிப்ரவரியில் 120 அடியில் உள்பக்கம் வலித்தது. வீடு முழுக்க மயான அமைதி. தெரபிஸ்ட் அலட்டிக்கொள்ளவில்லை. தசை வலி என்றால் எறிய எறியக் குறையும், மூட்டு வலி என்றால் எறிய எறியக் கூடும். இரண்டாவது என்றால் நிறுத்து, இரண்டு நாள் ஓய்வு, ஒரு படி கீழே இறங்கி ஆரம்பி என்றார். இரண்டு வாரம் 90 அடிக்குத் திரும்பினான். சரியாகிவிட்டது. இந்தப் பயணத்தில் எல்லோருக்கும் இப்படி ஒன்றிரண்டு சறுக்கல் வரும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த இரண்டு இரவும் தூங்கியிருப்போம்.

உடம்பைவிட மனசுதான் அதிகம் படுத்தியது. அக்டோபர், நவம்பரில் ஆட்டம் பார்க்கவே வர மாட்டேன் என்றான். நண்பர்கள் எல்லாம் மைதானத்தில், இவன் அறைக்குள். நாங்கள் புத்தி சொன்னதெல்லாம் வீண். பள்ளி கோச் ஒரு நாள் கூப்பிட்டு, எதிரணி பேட்டர் ஒவ்வொருவரும் எந்தப் பந்துக்கு என்ன செய்கிறான் என்று குறிக்கும் தாளை அவன் கையில் கொடுத்தார். அதிலிருந்து பையன் மாறினான். வசந்தத்தில் பேட்டிங் மட்டும் ஆட அனுமதி கிடைத்தது. மட்டை சுழற்றுவது எறிவதற்கு முன்பே சாத்தியம். அதே 2024இல், பிட்சிங்கும் பேட்டிங்கும் செய்கிற டாட்ஜர்ஸ் நட்சத்திரம் ஒட்டானி முழங்கை அறுவை முடிந்து ஆறே மாதத்தில் மட்டையோடு வந்து, சீசன் முழுக்க ஒரு பந்துகூடப் பிட்ச் செய்யாமல் 54 ஹோம் ரன் அடித்தார். எங்கள் பையன் அடித்தது ஒன்று. பந்து வேலியைத் தாண்டியதா இல்லையா என்று இன்னும் வீட்டில் தகராறு உண்டு.

மைதானத்தில் ஒரு அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டாமி ஜான் பண்ணினா வேகம் கூடுமாமே? என் பையனுக்கு 14 ஆகுது..." என்று இழுத்தார். கோபம் வந்தது, ஆனால் போன வருடம் நானும் அப்படிக் கேட்டிருக்கக்கூடிய ஆள்தான். அறுவை வேகத்தைக் கூட்டாது. 14 மாதம் கால், இடுப்பு, தோள் என்று ஒழுங்காக வேலை செய்தால் யாருக்கும் கூடும், கத்தி படாமலேயே கூடும். திரும்பி வராதவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா என்றால், பாதிதான் சொன்னேன். அவர் பையன் பிட்ச் செய்ய மேடேறிவிட்டான்.

2024 கோடையில் குமார் எங்கள் ஊருக்கே வந்தார். ரேஞ்சர்ஸின் கீழணியான ஃபிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸுக்கு ஆடினார். அந்த மைதானத்தில் வெளிவேலிக்குப் பின்னால் மிதவையில் மிதந்தபடியே ஆட்டம் பார்க்க ஒரு நீரோடை உண்டு. சின்னவள் அதற்காக வந்தாள், இவன் ஒவ்வொரு பந்தையும் நோட்டில் குறித்தான். செப்டம்பர் 12 அன்று குமார் சியாட்டிலில் ரேஞ்சர்ஸுக்காக முதல் ஆட்டம் ஆடினார். மறுநாள் அதே மைதானத்தில் டிகிராம் திரும்பி வந்தார். அதற்கு இரண்டு வாரம் கழித்து, அறுவை முடிந்து பதினான்கரை மாதத்தில், மகன் கிளப் அணிக்கு ஓர் இன்னிங்ஸ் போட்டான். 14 பந்து. ஒரு வாக் (குறி தவறிய நான்கு பந்து), ஒரு ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை அடிக்க விடாமலே அவுட்). மனைவி காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள், முடிந்த பிறகுதான் இறங்கினாள். ரேடார் கன் வீட்டில் இருந்தது.

இப்போது எக்செல் இருக்கிறது. பள்ளி, கிளப், தனிப் பயிற்சி, கேட்சிங், எல்லாம் ஒரே தாளில். மூன்று கோச்சுக்கும் பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறோம். கனமான பந்துகளைத் தூக்கிப்போட்டுவிட்டோம். அக்டோபர் முதல் ஜனவரி வரை நான்கு மாதமும் பிட்சிங் காலி என்று மஞ்சள் அடித்து வைத்திருக்கிறது. ஆரம்பத்தில் நான்தான் எண்களைப் போட்டேன். இப்போது அவனே போடுகிறான், நான் கேட்காமலே 'வலி' என்று ஒரு பத்தியும் சேர்த்து, 0 முதல் 10 வரை எழுதுகிறான். போன வாரம் ஒரு நாள் 3 இருந்தது. அன்று பயிற்சிக்குப் போகவில்லை.

நேற்று சனிக்கிழமை 48 பந்து போட்டான். இன்று காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கிளப் கோச்சிடமிருந்து அவன் போனுக்கு ஒரு செய்தி. மாலை இறுதிப் போட்டி, ஒருவனுக்குக் காய்ச்சல், ஒரே ஒரு இன்னிங்ஸ் போட முடியுமா என்று. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு கையால் தோசையைப் பிய்த்துக்கொண்டே இன்னொரு கையால் பதில் அடித்தான். அப்புறம் போனைத் திருப்பி எனக்குக் காட்டினான்: "நேற்று 48. செவ்வாய்க்கிழமைதான் முடியும்."